அழிறப்பர் வைத்தியம்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்கு மூன்று வாரத்துக்குள் நான்கு தடவை ஏறினேன். நான்கு தடவையும் ஒரே கணினிக்காக. அங்கே லிஃப்ற் இருந்தது. உப்புக்காற்றில் அதன் கதவு இறுகிப் பாதியில் நின்றுவிடும் என்பதால் அந்தக் கட்டடத்தில் யாரும் அதை நம்புவதில்லை. நானும் படியில்தான் போனேன்.

நான் வீடு வீடாகப் போய்க் கணினி திருத்துகிறவன். கடை கிடையாது. முதுகில் ஒரு பை, அதற்குள் திருகாணிச் சாவிகள், ஒரு தூரிகை, சில வயர்கள். கொட்டாஞ்சேனையில் வேறு மூன்று பேரோடு ஓர் அறையில் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடம் என்னை விட்டது என்றும் சொல்லலாம், அந்த வருடம் அதற்குக் கூரை இருக்கவில்லை. பிறகு புத்தளத்தில் உப்பளம், வவுனியாவில் சைக்கிள் கடை, நீர்கொழும்பில் ஐஸ் லொறி, கட்டாரில் ஓர் ஏசி மெக்கானிக்குக் கீழே இரண்டு வருடம். ஓரிடத்தில் நீண்ட நாள் இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கணினி வேலை மட்டும் நிலைத்துவிட்டது. அது என்னைத் தினமும் வேறு வேறு வீட்டுக்கு அனுப்புகிறது, அதுதான் காரணம்.

அந்த வேலையை எனக்குப் பழக்கியது புறக்கோட்டையில் ஒரு சின்னக் கடை. அங்கே மூன்று மாதம் இருந்தேன். அங்கு படித்த முதல் பாடமும் முக்கால்வாசிப் பாடமும் அழிறப்பர்தான். கணினிக்குள் ரேம் என்று ஒரு பட்டை இருக்கும். கணினி அந்த நேரத்தில் எதைச் செய்கிறதோ அதையெல்லாம் ஞாபகத்தில் வைத்திருப்பது அதுதான். நீட்டு பிஸ்கட் அளவுதான் இருக்கும், அதன் ஓரத்தில் பொன்நிறப் பற்கள். கொழும்புக் காற்றில் அந்தப் பற்கள் மங்கிவிடும். மங்கினால் கணினி திணறும், நிற்கும், சிலவேளை எழும்பாது. பட்டையைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற அழிறப்பரால் பற்களைத் தேய்த்து, திரும்பச் செருகினால் பத்தில் ஏழு கணினி எழும்பிவிடும். மற்ற மூன்றுக்கு என்ன செய்வது என்று அந்தக் கடையில் சொல்லித்தரவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது. பொருளை மாற்றச் சொல்வார்கள்.

அந்த மூன்றாம் மாடி வீட்டுக்காரரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். ஐம்பதைத் தாண்டியவர். கப்பல் சரக்கு அனுப்புகிற ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். தனியாக இருந்தார். ஒரு வருடத்துக்கு முன் அவருடைய பழைய கணினி செத்துப்போனபோது பார்க்கப் போனது நான்தான். திறந்து பார்த்தால் உள்ளே பலகை முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. உப்பளத்தில் வேலை செய்த எனக்கு அந்தப் பச்சையைத் தெரியும். மண்வெட்டியையே ஒரு பருவத்தில் தின்றுவிடுகிற காற்று அது. புதுக் கணினி ஒன்று வாங்கச் சொல்லி, பூட்டியும் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு அவர் என்னைத் தேடவில்லை. எங்கள் தொழிலில் அது நல்ல செய்தி.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்.

"தம்பி, கேம் ஒண்டு ஓடுதில்லை. ஒருக்கா வருவீங்களே?"

கேம் என்றதும் வீட்டுக்கு யாரோ பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். போனால் அவர் மட்டும்தான். கணினியை மேசைமேல் துடைத்து வைத்திருந்தார். எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார், நான் உட்காரும்வரை தான் உட்காரவில்லை. பக்கத்துக் கட்டிலில் மெரூன் நிறத் துணி ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. அதன்மேல் என் பையை வைத்தேன்.

"ஆர் அண்ணை விளையாடுறது?"

"நான்தான்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் அதைக் கண்டுவிட்டார்.

"சிரியுங்கோ, பரவாயில்லை. ஒஃபீஸிலயும் சிரிக்கிறவங்கள்."

"என்ன செய்யுது?"

"முதல் இருவது நிமிசம் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு விட்டு விட்டு ஓடும், பள்ளம் விழுந்த றோட்டில பஸ் போறமாதிரி. பிறகு ஒரேயடியா உறைஞ்சிடும். சத்தம் மட்டும் வரும். பிள்ளை கத்துறது கேக்கும். என்னால ஒண்டும் செய்யேலாது."

"எந்தப் பிள்ளை?"

அப்போதுதான் சொன்னார். மனைவியும் மகளும் ரொறன்ரோவில். மகள் போகும்போது எட்டு வயது, இப்போது பதினேழு. இவருக்கு விசா இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை போடவில்லை. தண்ணி எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோல இதைச் சொன்னார்.

தொலைபேசியில் மகள் கதைக்க மாட்டாள். சாப்பிட்டியா என்றால் ஓம். படிப்பு எப்படி என்றால் ஓகே. பிறகு இருவரும் பேசாமல் வீடியோவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவள் அம்மாவைக் கூப்பிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், தான் விளையாடிக்கொண்டிருப்பதாகவும் பிறகு எடுக்கும்படியும் சொல்லியிருக்கிறாள். இவர் நானும் வரலாமோ என்று கேட்டிருக்கிறார். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அந்த விளையாட்டை இவருக்கு அனுப்பியிருக்கிறாள்.

நான்கு பேர் ஓர் அணி. ஒரு தீவில் இறங்கி, கிடைத்ததைப் பொறுக்கி, வருகிறவர்களோடு சண்டை பிடித்துத் தப்ப வேண்டும். ஒருவர் அடிபட்டு விழுந்தால் அணியில் இன்னொருவர் ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்க வேண்டும். அதற்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். இவருக்குச் சுட வராது. அதனால் மகள் இவரிடம் மருந்துப் பையைக் கொடுத்திருந்தாள். விழுகிறவர்களைத் தூக்குவதுதான் இவருடைய வேலை. மற்ற இருவரும் அவளுடைய பள்ளிக்கூடச் சிநேகிதர்கள். ஞாயிறு காலை எட்டரைக்கு இங்கே தொடங்குவார், அங்கே சனி இரவு.

"கையும் கண்ணும் வேலையா இருக்கேக்க வாய் தன்ரபாட்டில கதைக்குது தம்பி. ரீச்சர் ஏசினது, தாய் ஏசினது, ஆரோடயோ கோவம், எல்லாம் சொல்லுவா. இடையில 'அப்பா, குனியுங்கோ' எண்டுவா. நான் குனிவன். பிறகு விட்ட இடத்தில இருந்து சொல்லுவா."

நான் கணினியைத் திறந்து ரேம் பட்டைகள் இரண்டையும் கழற்றினேன். பற்கள் லேசாக மங்கியிருந்தன. அழிறப்பரை எடுத்துத் தேய்த்தேன். அவர் பக்கத்தில் நின்று, ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குக் காயம் கட்டுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அழிறப்பரோ?"

"ஓம் அண்ணை. இதுதான் மருந்து."

செருகி, விளையாட்டைப் போட்டோம். ஒரு மணித்தியாலம் அவர் தனியாகத் தீவில் ஓடினார். ஒரு தடங்கலும் இல்லை. அவர் தந்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, பெரிய வைத்தியன் மாதிரிப் படியிறங்கினேன்.

ஞாயிறு காலை ஒன்பதேகாலுக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, திரும்ப நிண்டிட்டுது."

மறுமுனையில் அவர் மூச்சுவிடுவது கேட்டது. குற்றம் சொல்கிற குரல் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவரின் குரல்.

"இருவது நிமிசம் நல்லா ஓடினது. பிறகு பழையபடி. மூண்டு பேரும் விழுந்து கிடக்கினம். நான் தூக்கவேணும், என்ர ஆள் சிலை மாதிரி நிக்கிறான். பிள்ளை சொல்லிப்போட்டா, அவவின்ர சிநேகிதர் ஏசுகினமாம். இன்னொரு பெடியன் சேர நிக்கிறானாம். வாற ஞாயிறும் இப்பிடியெண்டா அவனைப் போடுவினமாம். 'ஐ காண்ட் சே நோ டு தெம் அப்பா' எண்டவ."

வியாழக்கிழமை போனேன். அவர் அன்று லீவு எடுத்திருந்தார். அன்றும் கணினி துடைத்துத் தயாராக இருந்தது. அன்றும் அந்த மெரூன் துணி கட்டிலில் மடித்துக் கிடந்தது.

இந்த முறை எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். எது எவ்வளவு நினைவகத்தை எடுக்கிறது என்று பார்த்தேன். அவர் வானொலியையும் செய்தியையும் நல்லூர்த் திருவிழா நேரலையையும் திறந்து வைத்துவிட்டு மூடாமலே விளையாடப் போகிற ஆள். அவற்றையெல்லாம் மூடினேன். தானாகத் தொடங்குகிறவற்றை நிறுத்தினேன். விளையாட்டின் படத்தின் தரத்தைக் குறைத்தேன். புல் எல்லாம் தட்டையாகப் போனது. அவர் அதைப் பார்த்து, "பரவாயில்லை தம்பி, நான் புல்லுப் பாக்கப் போறேல்லை" என்றார்.

பட்டைகளை இடம் மாற்றிப் போட்டேன். ஒன்றை மட்டும் வைத்து ஓட்டினேன், பிறகு மற்றதை. கடைசியில் நினைவகப் பரிசோதனையைப் போட்டேன். அது ஒவ்வொரு சின்ன அறையாகப் போய் எழுதிப் பார்த்து வாசித்துப் பார்க்கும். பகல் முழுதும் ஓடியது. நாங்கள் இருவரும் அதன்முன் இருந்தோம். மத்தியானம் அவர் கீழே போய் இரண்டு சோற்றுப் பார்சல் வாங்கி வந்தார். கீழே ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி நடுங்கியது. திரையில் ஒரு பிழையும் வரவில்லை.

பிழை வராவிட்டால் சந்தோசப்பட வேண்டும். எனக்கு அது நல்ல செய்தி இல்லை. பிழை இருந்தால் அதைக் காட்டலாம், மாற்றலாம். பிழையே இல்லாத கணினி ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கிறது என்றால் நான் எங்கே கைவைப்பது? சரியாகப் படித்தவன் என்றால் இந்த இடத்தில் ஒரு புத்தகத்தைத் திறப்பான். நான் கணினியின் பக்கவாட்டில் கைவைத்துப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது.

"என்ன தம்பி, கண்டுபிடிச்சிட்டீங்களோ?"

"மெமரி நல்லா இருக்கு அண்ணை."

"அப்ப?"

"பாப்பம்" என்றேன். எங்கள் தொழிலில் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை என்பதுதான். அவருக்கும் அது விளங்கியது. படிவரை வந்து வழியனுப்பினார்.

சனிக்கிழமை பின்னேரம் காலி வீதியில் கணினிப் பாகங்கள் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற அந்த முஸ்லிம் கடைக்காரர் என்னை எனக்குத் தெரிந்ததைவிட நன்றாக அறிந்தவர்.

"என்த தம்பி, திரும்ப ரேமா? ரப்பர் முடிஞ்சிட்டா?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு பெட்டியிலிருந்து வயர்களைப் பிரித்தார்.

"சூடு பாத்தீங்களா?"

"பாத்தன் நானா. பகல் முழுக்க ஓடினது. கைவைச்சா பச்சத்தண்ணி."

"கரண்டு?"

"பிழையில்லை."

"அப்ப செல்றதக் கேளுங்க. நீங்க நிக்கக்கொள்ள நல்லா ஓடுது. நீங்க போனா நிக்கிது. அது மெஷின் இல்ல தம்பி, எங்கட ஊட்டு மருமகன்."

கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் அவர் சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தார், நான் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டு போனேன். போகும்போது ஒரு சோடி ரேம் பட்டைகளைக் காகிதத்தில் சுற்றித் தந்தார். போட்டுப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நின்றேன். போனில் பணம் போட்டிருக்கவில்லை, அதனால் வருகிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. எட்டுக்கு முன் போனால் பட்டைகளை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்காரர்களுக்கு அவர்களுடைய கணக்கு. ஆட்கள் நிறையும்வரை ஒவ்வொரு சந்தியிலும் நின்றார்கள். வெள்ளவத்தையில் இறங்கும்போது எட்டே முக்கால் ஆகிவிட்டது. ஒழுங்கையால் கடற்பக்கம் ஓடி, மூன்று மாடியும் ஏறிக் கதவைத் தட்டினேன்.

"திறந்துதான் கிடக்கு!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

அவர் அலுவலகம் போகிறவர்போல ஷேவ் எடுத்து, மடிப்புக் கலையாத சேர்ட் போட்டுக்கொண்டு கணினியின்முன் இருந்தார். மகளால் இவரைப் பார்க்க முடியாது, குரல் மட்டும்தான் போகும். திரும்பி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஒரு கையைத் தூக்கி 'பொறுங்கோ' என்று காட்டினார். சின்ன ஒலிபெருக்கியில் அந்தப் பிள்ளையின் குரல் அறை முழுக்க இருந்தது.

"அப்பா, பின்னால வாங்கோ. நோ நோ, அந்தக் கல்லுக்குப் பின்னால."

"ஓமம்மா, வாறன், வாறன்."

"அம்மா நேற்று என்ர ஹெயாரை வெட்டிவிட்டவ. ஐ லுக் லைக் அ மஷ்ரூம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுகினம். சிரியாதேங்கோ அப்பா. ஓடுங்கோ!"

அவர் சிரித்துக்கொண்டே ஓடினார். அப்போதுதான் மேசைக்குக் கீழே பார்த்தேன்.

கணினி அங்கே மெரூன் துணிக்குள் இருந்தது. மேலிருந்து கீழ்வரை, நாலு பக்கமும் மூடிய உறை. தலையணை உறைபோல அளவெடுத்துத் தைத்து, பின்பக்கம் வயர்கள் வெளியே வர ஒரு துளை, முன்பக்கம் சுவிச்சுக்கு ஒரு துளை, பக்கத்தில் ஒரு ஸிப். யன்னல் திரைச்சீலையும் அதே மெரூன். திறந்த யன்னலால் கடற்காற்று திரைச்சீலையை அறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. உறைக்குள்ளிருந்து காற்றாடிகள் இரைகிற சத்தம், பஸ் ஏற்றத்தில் திணறுவதுபோல, வெளியே கேட்டது.

குனிந்து துணிமேல் கைவைத்தேன். இஸ்திரி போட்டு முடித்த சேர்ட் மாதிரிச் சுட்டது.

கணினிக்குச் சூடு ஏறினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இருபது நிமிடத்தில் அந்த உறைக்குள் அடுப்பு மூட்டியதுபோல ஆகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் தேவையில்லை. கட்டாரில் இரண்டு வருடம் ஏசிக்காரனுக்குப் பின்னால் திரிந்தவன் நான். தூசி அடைத்த இயந்திரங்கள் மூச்சு முட்டி நிற்பதைக் கையால் தொட்டுப் பார்த்தவன். இரண்டு நாள் அந்த உறையின் மேல் என் பையை வைத்துவிட்டு, அதைக் கழற்றியதால் குளிர்ந்துபோயிருந்த கணினிக்குள் நோயைத் தேடியிருக்கிறேன்.

ஸிப்பைப் பிடித்து இழுத்தேன். உப்பில் துருப்பிடித்து இறுகியிருந்தது. இன்னொருமுறை இழுத்தேன். அதற்குள் மேலே படம் விட்டு விட்டு ஓடத் தொடங்கிவிட்டது.

"தம்பி, வருது, வருது" என்றார் அவர், மகளுக்குக் கேட்காதபடி வாயைக் கோணிக்கொண்டு.

"அப்பா, நான் விழுந்திட்டன். தூக்குங்கோ."

அவருடைய விரல்கள் விசைகளை அடித்தன. திரையில் மருந்துப் பையோடு நின்ற ஆள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.

"அப்பா? நான் உங்களுக்கு முன்னாலதான் கிடக்கிறன். தூக்குங்கோ!"

"வாறனம்மா, வாறன், இந்தா வந்திட்டன்."

வேறொரு குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. சிரிப்பு மட்டும் எனக்கு விளங்கியது. நான் ஸிப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் துணியைக் கிழித்தேன். உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடித்தது. ஆனால் சூடு துணியைப்போல ஒரு நொடியில் கழன்று வருவதில்லை. அது தணிவதற்கு அதன் நேரம் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இருந்ததோ சில விநாடிகள்.

திரை மங்கிச் சாம்பல் நிறமானது. எல்லோரும் செத்துவிட்டார்கள்.

பிறகு அவள் பேசினாள், முன்பு பேசிய குரல் இல்லை, தொலைபேசியில் 'ஓகே' சொல்கிற குரல் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது.

"இட்ஸ் ஓகே அப்பா. பரவாயில்லை."

"பிள்ளை, இப்ப தம்பி வந்திருக்கிறார், அவர் கண்டுபிடிச்சிட்டார் போல. ஒரு அஞ்சு நிமிசம்..."

"இல்லை அப்பா, அவை வெயிற் பண்ணுகினம். நான் பிறகு மெசேஜ் போடுறன். பாய்."

அவர் விசைப்பலகையில் வைத்த கையை எடுக்கவில்லை. நான் தரையில் கிழிந்த துணியோடு இருந்தேன்.

"இது ஆர் தைச்சது அண்ணை?"

"கீழ ஒழுங்கையில இருக்கிற தையல்காரர். போன மாசம் திரைச்சீலை தைச்ச மிச்சத்தில. அதுக்கு முன்னம் மேல ஒரு துவாய்தான் போட்டு மூடினனான்."

"இதை மூடிக்கொண்டோ விளையாடுறனீங்கள்?"

"ஓம். நீங்கள்தானே தம்பி போன வருசம் சொன்னனீங்கள், கடற்காத்து படாமல் மூடி வையுங்கோ எண்டு. யன்னலைப் பூட்டினா இருக்கேலாது, சரியான வேக்கை. திறந்தா உப்பு. அதான் அளவெடுத்துத் தைப்பிச்சனான். நீங்கள் திருத்த வாற நாளில மட்டும்தான் கழட்டுறது."

சொன்னேன்தான். பழைய கணினியின் பச்சை பிடித்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன்போலச் சொன்னேன். விளையாடும்போது கழற்றுங்கள் என்று சொல்லவில்லை. அவர் விளையாடுகிறவர் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்து வீடுகளில் ரீவி ரிமோட்டைப் பொலித்தீனில் சுற்றி வைத்திருப்பார்கள், குளிர்சாதனப் பெட்டிக்கு உடுப்புப் போட்டிருப்பார்கள், கதிரைக்கு வந்த பொலித்தீனைக் கதிரை உடையும்வரை கழற்ற மாட்டார்கள். இதையெல்லாம் தினமும் பார்க்கிறவன் நான். பார்த்தும் கேட்கவில்லை.

அவர் குற்றமாகச் சொல்லவில்லை என்பதுதான் பாரமாக இருந்தது. நான் சொன்னதை ஒரு வருடம் ஒருநாளும் தவறாமல் செய்த மனிதர்.

"என்னிலதான் பிழை அண்ணை. இனி மூடாதேங்கோ."

"அப்ப உப்பு?"

மூடினால் மூச்சு முட்டும், திறந்தால் அரிக்கும். கடலை யாராலும் தள்ளிவைக்க முடியாது. இரண்டு வருடமாவது தாங்கும் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார்.

பத்து நிமிடம் கழித்து விளையாட்டைத் திரும்பப் போட்டோம். வழுக்கிக்கொண்டு ஓடியது. இருபது நிமிடம், நாற்பது, ஒரு மணித்தியாலம். நான் தட்டையாக்கியிருந்த புல்லைத் திரும்ப வளரவிட்டேன். அதுவும் ஓடியது. யாரும் இல்லாத அணியில் அவருடைய ஆள் மருந்துப் பையோடு புல்லுக்குள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். நானா தந்த பட்டைகள் காகிதம் பிரிக்காமல் என் பையிலேயே இருந்தன. அவர் மகளுக்குச் செய்தி அனுப்பினார். 'இப்ப நல்லா ஓடுது பிள்ளை. துணிதான் காரணம்.' பார்த்ததற்கான நீல அடையாளம் விழுந்தது. பதில் வரும்வரை இருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு எழும்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அவருடைய அழைப்பு வந்தது.

"நிண்டிட்டுதோ அண்ணை?"

"இல்லை, இல்லை. சோக்கா ஓடுது. எட்டரையில இருந்து ஒருக்காலும் நிக்கேல்லை." பிறகு சொன்னார், "ஆனா பிள்ளையோட சேரேலாமல் கிடக்கு. இதிலயும் ஏதோ பிழை போல. நேரமிருந்தா ஒருக்கா வாங்கோவன்."

போனேன். அவர் அன்றும் ஷேவ் எடுத்திருந்தார். கணினி மேசைக்குக் கீழே உறையில்லாமல் குளிராக இருந்தது. காற்றாடி சுற்றுவதே கேட்கவில்லை. நான் திருத்திய கணினிகளில் அவ்வளவு நன்றாக ஓடியது வேறு இருந்ததில்லை.

திரையின் ஓரத்தில் சிநேகிதர்களின் பட்டியல். அவருடைய பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அதற்குக் கீழே, விளையாடிக்கொண்டிருக்கிறார், அணியில் நான்கு பேர் என்று எழுதியிருந்தது.

"பாருங்கோ, அவவின்ர பேர் பச்சையாத்தான் நிக்குது. நான் அமத்துறன், போகுதில்லை. நிரம்பிட்டுது எண்டு காட்டுது."

அவர் கப்பல் அலுவலகத்தில் வேலை செய்கிறவர். நிரம்பிவிட்டது என்றால் என்ன என்று அவருக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

"பிள்ளை மெசேஜ் ஒண்டும் போடேல்லையோ?"

"போட்டவ. அடுத்தமுறை பாப்பம் எண்டு." தொலைபேசியை எனக்குக் காட்டப்போய், காட்டாமல் சேர்ட் பையில் வைத்தார். "அவ சும்மா சொல்லமாட்டா. என்ர பக்கத்திலதான் ஏதோ பிடிச்சுக்கொண்டு நிக்குது. சிலவேளை அந்தச் சூட்டில மெமரி ஏதும் பழுதாகியிருக்குமோ? அண்டைக்கு நீங்கள் துடைச்சாப்பிறகு ஒரு மணித்தியாலம் நல்லா ஓடினதுதானே. ஒருக்காத் துடைச்சுப் பாருங்கோவன் தம்பி."

மெமரியில் ஒன்றும் இல்லை அண்ணை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்ததாக அவர் 'அப்ப?' என்று கேட்பார். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்கிற ஆள் நான் இல்லை.

கணினியை நிறுத்தினேன். பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஒரே வாரம்தான், திருகாணித் தலைகளில் அதற்குள் வெள்ளையாக ஒரு படிவு. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் உப்பளத்தில் வந்தது, அன்று அப்படிச் செய்யவில்லை. பட்டைகள் இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தேன். பற்கள் பளபளவென்றுதான் இருந்தன. பையிலிருந்து அழிறப்பரை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.

அவர் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார். நான் ஒன்றை முடித்து மற்றதை எடுத்தேன். அதையும் முடித்து, துகள்களை ஊதிவிட்டு, செருகுவதற்காகக் குனிந்தேன்.

"போதுமோ தம்பி?" என்றார். "அவசரமில்லை. இன்னும் கொஞ்சம் துடையுங்கோவன்."

நிமிர்ந்து, முதல் பட்டையைத் திரும்பக் கையில் எடுத்தேன்.